கட்டட வளியில் நுண்ணங்கிகள்: ஏகார் தட்டா, இம்பாக்டரா, ஃபில்டரா, தூசியா?

கொழும்பில் கட்டட வளியின் நுண்ணங்கிகளை ஆராயப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்தக் கருவியை வாங்கலாம்?" என்றுதான். இறுதியாண்டு ஆய்வு செய்யும் மாணவர், வைத்தியசாலையின் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு, கோட்டையில் ஒரு குளிரூட்டிய அலுவலகத்தைப் பராமரிப்பவர், வெள்ளவத்தை அடுக்குமாடியில் சுவரெல்லாம் பூஞ்சணம் படர்ந்து தவிக்கும் குடும்பம் என்று கேட்பவர்கள் பலர். ஒரே கருவி இவர்கள் எல்லோருக்கும் உதவாது. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும், மாதிரி எடுத்த அன்று மாலையே உங்கள் ஆய்வுகூடத்தில் என்ன செய்ய முடியும் என்ற இரண்டையும் முடிவுசெய்த பிறகு கருவிக்கு வருவதுதான் முறை.

எங்கள் கருத்தை முதலே சொல்லிவிடுகிறோம். "இந்தக் கட்டடத்துக்குள் ஏதாவது வளர்கிறதா?" என்ற கேள்விக்கு, இரண்டு வாரம் படிந்த தூசியும் அதே காலத்தில் வெளியே எடுத்த மாதிரியும் இம்பாக்டரின் (வளியை இழுத்து, நுண்ணங்கி வளர்க்கும் கூழான ஏகாரின் தட்டில் மோதவிடும் கருவி) ஐந்து நிமிட எண்ணிக்கையைவிட நம்பகமான விடை தரும். இம்பாக்டர் கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உண்டு; ஆனால் அவை பலர் நினைப்பதைவிடக் குறைவு.

## முதலில் அளவுகோல்கள்

உயிருள்ளதா, மொத்தமா, பெயரா? வளியிலுள்ள பற்றீரியாக்களில் ஏகாரில் வளர்ந்து கொலனி (கண்ணுக்குத் தெரியும் திரள்) தருபவை சிறு பங்கே. தொற்று, உணவு கெடுதல் பற்றிய கேள்வியென்றால் வளர்ப்பு வேண்டும். எந்த இனங்கள் கலந்திருக்கின்றன என்பதற்கு டிஎன்ஏ வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரியில் பெற முயன்றால் பெரும்பாலும் இரண்டும் அரைகுறையாகும்.

எவ்வளவு நேரத்தின் சராசரி? ஒருவர் படுக்கை விரிப்பை உதறினால் அந்த அறையின் எண்ணிக்கை அடுத்த சில நிமிடங்களுக்குப் பல மடங்கு ஏறிவிடும். குறுகிய நேர மாதிரி அந்த ஏற்றத்தைப் பிடிக்கும், அல்லது முற்றாகத் தவறவிடும். வாரக்கணக்கான மாதிரியில் அது சராசரிக்குள் கரைந்துவிடும்.

துணிக்கையின் பருமன். 10 மைக்ரோமீற்றர் துணிக்கை அசையாத வளியில் ஒரு மீற்றர் விழ ஐந்தரை நிமிடம் போதும். 1 மைக்ரோமீற்றர் துணிக்கைக்கு ஏறக்குறைய 8 மணிநேரம் வேண்டும். அஸ்பர்ஜிலஸ் என்ற பங்கசின் வித்திகள் பெரும்பாலும் 2 முதல் 4 மைக்ரோமீற்றர். படிவை நம்பும் எந்த முறையும் பெரிய துணிக்கைகளின் பக்கம் சாயும்.

ஈரப்பதன். வெளிநாட்டு வழிகாட்டிகள் அதிகம் பேசாத விடயம் இது. கொழும்பில் பனிபடுநிலை (வளியின் நீராவி நீராக ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை) ஆண்டு முழுவதும் 24 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். அதைவிடக் குளிர்ந்த எதை வெளியே எடுத்தாலும் அது வியர்க்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே வந்த ஏகார் தட்டு, 22 பாகை அலுவலகத்திலிருந்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோன உலோகக் கருவி இரண்டும் ஒரு நிமிடத்தில் ஈரமாகிவிடும். ஈரத் தட்டில் கொலனிகள் ஒன்றோடொன்று ஓடிச் சேரும்; ஈரமான துளைகள் துணிக்கைகளைத் தாமே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கட்டடத்தின் திறப்பு. யன்னலுக்கு மேல் காற்றுத் துவாரம் வைத்துக் கட்டிய பழைய வீட்டில் உள்வளி ஏறக்குறைய வெளிவளிதான். அங்கே உள்-வெளி விகிதம் 1ஐ ஒட்டியே நிற்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து "பிரச்சினை இல்லை" என்று எழுதிவிடக்கூடாது. இனங்களின் சேர்க்கை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

| முறை | நேரம் | அளவு | தருவது | அன்றே ஆய்வுகூடம் போகவேண்டுமா | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|
| திறந்த தட்டு | 1–4 மணி | கன மீற்றருக்கு மாற்ற முடியாது | வளரும் நுண்ணங்கி, படிவு வீதம் | ஆம் | தவறான சூத்திரத்தால் வீணாகும் தரவு |
| இம்பாக்டர் | 1–5 நிமிடம் | 28.3 லீற்றர்/நிமிடம் | வளரும் நுண்ணங்கி, கன மீற்றருக்கு | ஆம் | தட்டுகள், அளவுத்திருத்தம், குளிரூட்டும் வளர்கூண்டு |
| திரவ இம்பிஞ்சர் | 15–30 நிமிடம் | 12.5 லீற்றர்/நிமிடம் | வளர்ப்பு, டிஎன்ஏ, வைரசு | ஆம், பனிக்கட்டியில் | கனத்த பம்பி, உடையும் கண்ணாடி |
| ஃபில்டரும் பம்பியும் | 8–24 மணி | 2–10 லீற்றர்/நிமிடம் | டிஎன்ஏ, மொத்த எண்ணிக்கை | இல்லை, உறையவைக்கலாம் | வெற்று மாதிரிகள், டிஎன்ஏ பிரிப்புக் கிட் |
| படிவுத் தூசி | 14–28 நாள் | சதுர மீற்றருக்கு, நாளுக்கு | டிஎன்ஏ, பங்கசு வளர்ப்பு | இல்லை | தொலைந்த கிண்ணங்கள், இரண்டாம் முறை வீடு தேடிப் போதல் |

## திறந்த தட்டு

90 மில்லிமீற்றர் ஏகார் தட்டு, தரையிலிருந்து 1 மீற்றர் உயரம், சுவரிலிருந்து 1 மீற்றர் தூரம், 1 மணிநேரம். இந்த 1/1/1 ஒழுங்கு பரவலாகப் பயன்படுகிறது. மருந்து உற்பத்தி அறைகளில் 4 மணிநேரம் வரை வைப்பார்கள். பம்பியும் மின்சாரமும் வேண்டாம், சத்தமும் இல்லை.

இது நேரடியாக அளப்பது படிவைத்தான். சத்திரசிகிச்சைக் கூடத்தில் காயத்தின் மேல் என்ன விழுகிறது, வெதுப்பகத்தில் ஆறவைத்த பாணின் மேல் என்ன விழுகிறது என்பவையே கேள்விகள் என்றால் இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. சிக்கல், ஒமெலியான்ஸ்கி சூத்திரத்தைப் போட்டு இந்த எண்ணைக் கன மீற்றருக்கு மாற்றும்போது வருகிறது. 100 சதுர சென்ரிமீற்றரில் 5 நிமிடத்தில் விழுவது 10 லீற்றர் வளியில் உள்ளதற்குச் சமம் என்பது அந்தச் சூத்திரத்தின் எடுகோள். சீலிங் ஃபான் சுழலும் அறையில் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மாணவர் ஆய்வேடுகளில் இந்தச் சூத்திரம் தலைமுறை தலைமுறையாகப் பிரதியாகி வருகிறது, நீங்களாவது நிறுத்துங்கள். "தட்டுக்கு, மணிக்கு இத்தனை கொலனி" என்று எழுதினால் ஒரு குறையும் இல்லை.

ஃபானை நிறுத்துவதா விடுவதா? அறை வழக்கமாக எப்படிப் பாவிக்கப்படுகிறதோ அப்படியே விட்டு, வேகத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏசியின் வாய்க்கு நேரே தட்டை வைத்தால் ஏகார் வறண்டு தோல் பிடித்துவிடும்.

## இம்பாக்டர்

ஆண்டர்சன் வகை ஒற்றைத் தட்டு இம்பாக்டரில் 400 துளைகள், நிமிடத்துக்கு 28.3 லீற்றர், அதாவது ஒரு கன அடி. 5 நிமிடம் ஓட்டினால் 141.5 லீற்றர், அப்போது ஒரு கொலனி கன மீற்றருக்கு 7 என்று கணக்காகும். 1 நிமிடம் ஓட்டினால் ஒரு கொலனி 35. எண்ணிக்கை குறைந்த குளிரூட்டிய அறைக்கு 5 நிமிடம் பொருந்தும். புறக்கோட்டைச் சந்தையோரத்தில் 5 நிமிடம் ஓட்டினால் தட்டு நிரம்பி வழியும். 1 நிமிடத்தில் தொடங்குங்கள்.

ஒரே துளை வழியாக இரண்டு மூன்று துணிக்கைகள் விழுந்தாலும் கண்ணுக்கு ஒரு கொலனியே தெரியும். அதனால் எண்ணியதைத் திருத்த வேண்டும். 400 துளைகளில் 200 நிரம்பியிருந்தால் உண்மை மதிப்பீடு 277. 300 நிரம்பியிருந்தால் 553. 380 என்றால் 1189. மேலே போகப்போக ஒரு கொலனி கூடினாலும் குறைந்தாலும் விடை பாய்ந்து மாறுவதைக் கவனியுங்கள். 250ஐத் தாண்டும் இடங்களில் திருத்த அட்டவணையை நம்புவதைவிட ஓட்டும் நேரத்தைக் குறைப்பதே சரி. துளைகளின் எண்ணிக்கை கருவிக்குக் கருவி மாறும், அட்டவணையும் அதோடு மாறும்.

பிழைகள் பெரும்பாலும் இந்த இடங்களில் வருகின்றன:

- ஏகாரின் உயரம். மூலக் கருவி 27 மில்லிலீற்றர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்துக்கு அமைந்தது. பிளாஸ்ரிக் கிண்ணத்தில் அதே அளவை ஊற்றினால் துளைக்கும் ஏகாருக்கும் இடையிலான தூரம் மாறிவிடும். தயாரிப்பாளர் உங்கள் கிண்ணத்துக்குச் சொல்லும் அளவைப் பிப்பெற்றால் அளந்தே ஊற்றுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.
- மதுசாரம். மாதிரிக்கு மாதிரி 70% மதுசாரத்தால் துடைப்பது சரி. ஆனால் அது முழுதாக உலர வேண்டும். ஈரப்பதன் 85% உள்ள நாளில் நினைப்பதைவிட நேரமெடுக்கும். உலராமல் ஓட்டினால் மதுசார ஆவி தட்டுக்கே போகும்.
- வியர்வை. தட்டுகளை முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, மூடிய பையில் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். கருவியையும் வெளியே கொண்டுபோனால் பைக்குள்ளேயே அரை மணிநேரம் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.
- பாய்ச்சல். தொடக்கத்திலும் முடிவிலும் பாய்ச்சல்மானியால் அளவிடுங்கள், தட்டு உள்ளே இருக்கும்போதே. இரண்டுக்கும் இடையே 5%க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த மாதிரிகளை ஒதுக்குங்கள்.

பிறகு வளர்கூண்டு, அதாவது தட்டுகளை ஒரே வெப்பநிலையில் வைத்து வளர்க்கும் பெட்டி. பங்கசு வளர்ப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 25 பாகை. கொழும்பில் "அறை வெப்பநிலை" என்றால் 28 முதல் 31 பாகை. சூடாக்க மட்டும் தெரிந்த வளர்கூண்டு 25க்கு இறங்காது. குளிரூட்டும் வகையே வேண்டும், அதன் விலை இம்பாக்டரோடு போட்டி போடும். பலரும் வரவுசெலவுத் திட்டத்தில் மறந்துவிடும் வரி இதுதான். மின்தடையின்போது உள்ளே எத்தனை பாகைக்கு ஏறியது என்று தெரிய, உச்ச-இழிவு வெப்பமானி ஒன்றை நிரந்தரமாக உள்ளே வையுங்கள்.

வேகமாகப் பரவும் ரைசோபஸ் போன்ற பங்கசுகள் மோல்ட் (malt) ஏகாரில் இரண்டாம் நாளே தட்டை மூடிவிடும். டிஜி-18 ஊடகத்தில் டைக்குளோரானும் 18% கிளிசரோலும் இருப்பதால் அந்தப் பரவல் அடங்கும். வரட்சியை விரும்பும் அஸ்பர்ஜிலசும் பெனிசிலியமும் அதில் நன்றாகத் தெரியும். எந்த ஊடகமானாலும் 48 மணியில் ஒருமுறை, 5ஆம் நாளில் ஒருமுறை எண்ணுங்கள். தட்டைத் திறந்து மணந்து பார்க்கும் பழக்கம் ஆபத்தானது.

## திரவ இம்பிஞ்சர்

20 மில்லிலீற்றர் பொஸ்பேற் தாங்கற் கரைசலில் 0.01% ட்வீன்-80 என்ற சவர்க்காரப் பொருளைக் கலந்து, நிமிடத்துக்கு 12.5 லீற்றர் வீதம் வளியை இழுப்பது. பிடித்த திரவத்தைப் பிரித்து வளர்ப்புக்கு ஒரு பங்கு, பிசிஆருக்கு (டிஎன்ஏயைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) ஒரு பங்கு, பற்றீரியாச் சுவரின் நஞ்சான என்டொடொக்சினுக்கு ஒரு பங்கு என்று கொடுக்கலாம். எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் ஐதாக்கிக்கொள்ளலாம். குப்பை தரம்பிரிக்கும் இடம், கோழிப்பண்ணை, கழிவுநீர் நிலையம் போன்றவற்றுக்கு இம்பாக்டரைவிட இதுவே சரி.

சுத்தமான அறையில் நிலைமை தலைகீழ். 20 நிமிடத்தில் 250 லீற்றர் இழுத்து, முடிவில் 15 மில்லிலீற்றர் எஞ்சியது என்று வையுங்கள். அதில் 0.1 மில்லிலீற்றரைத் தட்டில் பரப்பினால் ஒரு கொலனி கன மீற்றருக்கு 600 ஆகிறது. அலுவலக வளியில் பெரும்பாலும் பூச்சியமே வரும். 5 மில்லிலீற்றரை 0.45 மைக்ரோமீற்றர் மென்சவ்வால் வடித்து, அந்த மென்சவ்வை ஏகாரில் வைத்தால் ஒரு கொலனி 12க்கு இறங்கும். இறுதிக் கனவளவை அளக்காமல் விட்டால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. ஏசி அறையில் வெளியைவிட ஆவியாதல் கூட என்பதால் அதை ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும்.

பாய்ச்சல் நிலையாக நிற்க அரை வளிமண்டல வெற்றிடம் தரும் பம்பி தேவை. அது கனமானது, சத்தம் போடும். பாடம் நடக்கும் வகுப்பறையில் அனுமதி கிடைப்பது கடினம். நீங்கள் தேடுவது வைரசு இல்லையென்றால் இந்த முறையைக் கடைசியில் யோசியுங்கள்.

## ஃபில்டரும் பம்பியும்

37 மில்லிமீற்றர் கசெற்றுக்குள் டெஃப்லான் அல்லது பொலிகாபனேற் ஃபில்டர், இடுப்பில் கட்டும் பம்பி, நிமிடத்துக்கு 2 லீற்றர், 8 மணிநேரம்: 960 லீற்றர். வேலைநாள் முழுவதும் ஒருவர் எதைச் சுவாசித்தார் என்பதற்கு இது நல்ல முறை. ஓடும் வளியில் உலர்ந்து பல பற்றீரியாக்கள் இறந்துவிடுவதால் வளர்ப்புக்கு உதவாது; டிஎன்ஏக்கு அது தடையில்லை.

டிஎன்ஏ வேலைக்கு முன் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு கன மீற்றரில் 1 இலட்சம் பற்றீரியா என்று கொண்டால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 5 ஃபெம்டோகிராம் டிஎன்ஏ, மொத்தம் 0.5 நனோகிராம். அதை 50 மைக்ரோலீற்றரில் எடுத்தால் மைக்ரோலீற்றருக்கு 0.01 நனோகிராம். டிஎன்ஏ அளக்கும் கருவிகளில் நனோட்ரொப் இதைக் காணவே காணாது, க்யூபிற்றும் தடுமாறும். நிமிடத்துக்கு 10 லீற்றர், 24 மணிநேரம் என்று போனால் 14.4 கன மீற்றர், கிட்டத்தட்ட 7 நனோகிராம், அதுவும் பிரிப்பில் எதுவும் இழக்காவிட்டால். வரிசைப்படுத்தலுக்கு (டிஎன்ஏயின் எழுத்து வரிசையைப் படித்து இனங்களை அறிவதற்கு) அனுப்ப அதுவே குறைந்தபட்சம் என்று வையுங்கள்.

இவ்வளவு குறைந்த டிஎன்ஏயில், பிரிப்புக் கிட்டின் கரைசல்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் பற்றீரியா டிஎன்ஏ மேலோங்கி நிற்கும். ஆகவே வெற்று மாதிரி இல்லாத தரவுக்கு மதிப்பில்லை. இரண்டு வகை வேண்டும்: இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து, பம்பியை ஓட்டாமல் மூடிய ஃபில்டர் ஒன்று, ஃபில்டரே இல்லாமல் கிட்டை மட்டும் ஓட்டியது ஒன்று. பத்து மாதிரிக்கு ஒன்றாவது போடுங்கள், அவற்றையும் வரிசைப்படுத்தலுக்கு அனுப்புங்கள். அந்தச் செலவு திட்டத்தில் முதலே இருக்கட்டும்.

காலி வீதியோரம் எடுத்த ஃபில்டர் கரிப்புகையால் சாம்பல் நிறமாக இருக்கும். அந்தப் புகைக்கரி பிசிஆரைத் தடுக்கும். சோதிக்கும் வழி எளிது: பிரித்த டிஎன்ஏயைப் பத்து மடங்கு ஐதாக்கி இரண்டையும் ஓட்டுங்கள். தடை இல்லையென்றால் சுற்றெண் (பிசிஆரில் சமிக்ஞை எழும் சுற்றின் எண்) ஏறக்குறைய 3.3 கூடும். அதைவிடக் குறைவாகக் கூடினால், அல்லது ஐதாக்கியது முந்தி எழுந்தால், தடை இருக்கிறது.

## படிவுத் தூசி

திறந்த தட்டின் பொறுமையான வடிவம் இது. கிருமி நீக்கிய வெற்றுப் பெற்றிக் கிண்ணத்தின் இரண்டு பாதிகளையும் அல்லது மின்னேற்றத் துணியை 1.5 முதல் 2 மீற்றர் உயரத்தில் 14 முதல் 28 நாள் விட்டுவிடுவது. பின்னர் ட்வீன் கலந்த கரைசலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து உறையவைக்கலாம். பம்பியோ மின்சாரமோ வேண்டாம். ஒரே பணத்தில் இரண்டு வீட்டுக்குப் பதில் இருபது வீடு பார்க்கலாம். வீட்டுக்கு வீடு வேறுபாடு பெரிது என்பதால் அந்த எண்ணிக்கைதான் ஆய்வைத் தாங்கும்.

வெளிநாட்டுக் கையேடுகளில் தூசி என்றால் கம்பளத்தை வக்கூம் செய்வது: 2 சதுர மீற்றர், 5 நிமிடம். இங்கே தரை ஓடு அல்லது சீமெந்து, அதையும் பல வீடுகளில் நாள்தோறும் துடைப்பார்கள். நேற்றைய தூசிக்கு முந்தியது அதில் இராது. அலுமாரியின் மேல், கதவு நிலையின் மேல் விளிம்பு, புத்தகத் தட்டின் உச்சி: பழைய தூசி வேண்டுமென்றால் அங்கே 10 க்கு 10 சென்ரிமீற்றரைத் துடையுங்கள். எத்தனை மாதத் தூசி என்று தெரியாதபடியால் அது "என்ன இருக்கிறது" என்பதற்கு மட்டும் உதவும்; அளவு ஒப்பீட்டுக்குத் தேதி தெரிந்த கிண்ணமே வேண்டும்.

ஏசியின் ஃபில்டர் வலையைக் கழுவி, தேதியிட்டு, 30 நாளில் அதிலுள்ள தூசியை எடுப்பதும் நல்ல வழி. வலை குளிர்ச்சுருளுக்கு முன்னால் இருப்பதால் அறையின் வளியைக் காட்டும். சுருளிலும் வடிநீர்த் தட்டிலும் வழுவழுப்பாகப் படிந்திருப்பது வேறு உலகம். அதைத் துடைத்து "அறை வளி" என்று பெயரிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கொழும்பில் இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. சார் ஈரப்பதன் 80%ஐத் தாண்டி நின்றால், படிந்த தூசியிலேயே பங்கசு வளரத் தொடங்கும். அப்போது வளியிலிருந்து விழுந்தது எது, கிண்ணத்தில் பெருகியது எது என்று பிரிக்க முடியாது. ஏசி இல்லாத வீட்டில், ஒக்டோபர்-நவம்பர் இடைப்பருவ மழையில், 28 நாளை மறந்துவிடுங்கள். 14 நாள் போதும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அருகில் ஈரப்பதன் பதிகருவி ஒன்று வையுங்கள்.

பல்லி எச்சம், எறும்பு, சாம்பிராணிப் புகை, நுளம்புச்சுருள் சாம்பல் எல்லாம் கிண்ணத்தில் விழும். பல்லி ஏறாதபடி நூலில் கட்டித் தொங்கவிடுவது ஓரளவு உதவும். வீட்டுப் பணிக்கு வருபவர் அழுக்குக் கிண்ணம் என்று கழுவி அடுக்கிவிடுவதும் நடக்கும்; "தொடவேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டுங்கள்.

## எதைத் தெரிவுசெய்தாலும் கூடவே வருபவை

வெளி மாதிரி இல்லாமல் உள் மாதிரிக்குப் பொருள் இல்லை. அதே நாள், அதே முறை, நுழையும் வளி வரும் பக்கம். பிற்பகல் இடிமழை பெய்தால் அதற்கு முன்னும் பின்னும் வெளிவளி வேறு வேறு. காய்ந்த பகலில் கிளடொஸ்போரியம் என்ற பங்கசு கூடும், மழைக்குப் பின்னும் இரவிலும் வேறு பங்கசுகளின் அஸ்கோ வித்திகளும் பசிடியோ வித்திகளும் எழும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு நகருக்குத் தொலைவிலிருந்தும் நுண்துகள் வந்து சேரும். ஒரு பருவத்து எண்ணை மற்றப் பருவத்தோடு ஒப்பிட்டு "இந்த ஆண்டு கூடிவிட்டது" என்று எழுதக்கூடாது.

தட்டுக் கணக்கையும் முதலே போடுங்கள். நான்கு அறை, ஒரு வெளி, இரண்டு ஊடகம், மூன்று மறுபதிவு: 30 தட்டு. ஊடகத்துக்கு இரண்டு வெற்றுத் தட்டு சேர்த்து 34. தட்டுக்கு 27 மில்லிலீற்றர் என்றால் 918 மில்லிலீற்றர் ஏகார், ஒரு சுற்றுக்கு. காலையும் மாலையும் என்றால் இரட்டிப்பு. வளர்கூண்டில் இடம் இருக்கிறதா, எண்ணுவதற்கு ஆள் இருக்கிறாரா, எல்லாவற்றையும் 121 பாகையில் ஓட்டோகிளேவ் செய்து வீச நேரம் இருக்கிறதா?

## யாருக்கு எது

இறுதியாண்டு மாணவர், சில மாதம், சிறு பணம்: திறந்த தட்டு, 1/1/1 ஒழுங்கில், அறையில் இருந்தோர் எண்ணிக்கையும் காபனீரொட்சைட்டு அளவும் சேர்த்து. துறையில் இம்பாக்டர் ஏற்கெனவே இருந்தால் மட்டும் அதைச் சேருங்கள்.

சத்திரசிகிச்சைக் கூடம், மருந்து, உணவு: திறந்த தட்டும் இம்பாக்டரும் சேர்த்து. ஒன்று விழுவதைச் சொல்லும், மற்றது மிதப்பதைச் சொல்லும். டிஎன்ஏ இங்கே அவசரத்துக்கு உதவாது. இறந்ததையும் அது எண்ணிவிடும்.

குளிரூட்டிய அலுவலகத்தில் தும்மல், தலையிடி முறைப்பாடு: முதலில் காபனீரொட்சைட்டு, ஈரப்பதன், வடிநீர்த் தட்டு. அதற்குப் பிறகும் கேள்வி எஞ்சினால் 30 நாள் வலைத் தூசி.

சுவரில் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம்: மாதிரியே வேண்டாம். உலக சுகாதார அமைப்பு 2009இல் ஈரமும் பூஞ்சணமும் பற்றி வெளியிட்ட வழிகாட்டலில் வளிக்கு எண் வரம்பு எதையும் வைக்கவில்லை; ஈரத்தைத் தடுக்கவே சொல்கிறது. எண் எதுவாக வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. குளியலறைக் குழாய், மேல்மாடித் தரை, மழை அடிக்கும் வெளிச்சுவர் என்ற வரிசையில் கசிவைத் தேடுங்கள். ஆய்வுப் பணத்தை மேசனுக்குக் கொடுங்கள்.

ஓராண்டு ஆய்வுத் திட்டம், டிஎன்ஏ வசதியுடன்: இருபது வீட்டில் மாதம் ஒரு 14 நாள் கிண்ணம், பருவத்துக்கு ஒருமுறை அவற்றில் நான்கு வீட்டில் மட்டும் 24 மணி ஃபில்டர். எல்லா மாதிரியும் ஒரே தொகுதி இலக்கமுள்ள கிட்டால் பிரிக்கப்பட வேண்டும். ஆண்டுக்குத் தேவையானதைச் சேர்த்து வாங்கிவிடுங்கள், காலாவதித் தேதியைப் பார்த்து. பிரிக்கும் வரை மைனஸ் 80 பாகை. அந்த உறைபெட்டி ஜெனரேற்றர் இணைப்பில் இருக்கிறதா என்பதை முதல் கிண்ணம் வைக்கும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.